மாரடைப்பின் பின்னர் இதய எம்.ஆர்.ஐ.: வார்ட்டுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மாரடைப்பு ஏற்பட்டு, அடைப்புக்கு மருத்துவம் செய்யப்பட்டு, நெஞ்சுநோவும் அடங்கிய பின்னர் ஒரு நோயாளியைப் பற்றி எஞ்சி நிற்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். இதயத் தசையில் எவ்வளவு பகுதி நிரந்தரமாக இறந்துவிட்டது? அசைவின்றிக் கிடக்கும் மீதிப் பகுதி மீண்டும் இயங்கக்கூடியதா? வந்தது உண்மையில் மாரடைப்புத்தானா? ஈசிஜியும் எக்கோவும் முதலாவது கேள்விக்கு ஓரளவு விடை தரும். மற்ற இரண்டிலும் தடுமாறும். காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு இதயத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., ஊடுகதிர் எதுவுமின்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூன்றுக்கும் விடை தரவல்லது. ஆயினும் எந்தக் கேள்வியோடு, மாரடைப்பின் எத்தனையாவது நாளில் நோயாளியை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த விடையின் பெறுமதி அமையும். யாழ்ப்பாணத்தில் உள்ளகப் பயிற்சிக்கும் இதயவியல் பிரிவுக்கும் முதன்முறையாக வரும் இளம் வைத்தியர்களையும் தாதியர்களையும் மனதிற் கொண்டு, கோரிக்கைப் படிவம் எழுதுவது முதல் அறிக்கையை வாசிப்பது வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை எழுதுதல்

கோரிக்கைப் படிவத்தில் “மாரடைப்பு, இதய எம்.ஆர்.ஐ. தேவை” என்று மட்டும் எழுதுவது போதாது. இதய எம்.ஆர்.ஐ. என்பது ஒரே படமன்று. தசையின் அசைவைக் காட்டும் படங்கள், வீக்கத்தைக் காட்டும் படங்கள், தழும்பைக் காட்டும் படங்கள் எனப் பல தொகுதிகள் அதில் உண்டு. எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்பதைக் கதிரியக்கவியல் நிபுணர் நீங்கள் எழுதும் கேள்வியை வைத்தே தீர்மானிக்கிறார். இதயவறைக்குள் குருதிக்கட்டி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லையென்றால், அதைத் தெளிவாகக் காட்டும் படம் எடுக்கப்படாமலே போகலாம்.

எல்லா நோயாளிக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நேரத்தோடு வந்து, அடைப்பு நீக்கப்பட்டு, எக்கோவில் இடது இதயவறை நன்றாகச் சுருங்குகிறது என்று தெரிந்துவிட்ட ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதால் மருத்துவம் மாறப்போவதில்லை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மகன் தொலைபேசியில் அழைத்து “அப்பாவுக்கு ஏன் இன்னும் ஸ்கான் எடுக்கேல்லை?” என்று கேட்பது வார்ட்டில் வழமையான ஒன்று. அந்தக் கேள்விக்கு எரிச்சற்படாமல், எடுத்தால் எந்த முடிவு மாறும், எடுக்காவிட்டால் எது குறைந்துவிடும் என்று விளக்கிச் சொல்வதும் உங்கள் வேலையின் ஒரு பகுதியே.

உண்மையாகவே பயன் பெறுபவர்களை நான் இப்படிப் பார்க்கிறேன். முதலாமவர், இதயத் தசை காயப்படும்போது குருதியில் கலக்கும் ட்ரோபோனின் உயர்ந்திருந்தும், நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராமில் 50 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒடுக்கம் எதுவும் காணப்படாதவர். இதயத் தசைக்குக் குருதி கொண்டுவரும் முடியுரு நாடிகள் திறந்திருக்க அத்தசை ஏன் காயப்பட்டது என்பதற்கு எம்.ஆர்.ஐ. போல விடை தரும் வேறு பரிசோதனை இல்லை. மாரி காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது நெஞ்சுநோவோடு வரும் இளைஞர் ஒருவருக்கு இருப்பது மாரடைப்பா, வைரசால் வந்த இதயத்தசை அழற்சியா என்ற ஐயம் எழுவதை இங்கே அடிக்கடி எதிர்பார்க்கலாம். அடுத்தவர், பிந்தி வந்தவர். நெடுந்தீவில் இரவில் நெஞ்சுநோ தொடங்கினால், படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் பொன்னான மணித்தியாலங்கள் கழிந்துவிடும். “வாய்வு” என்று நினைத்து இரண்டு நாள் வீட்டிலிருந்துவிட்டு வருபவர்களும் உண்டு. இவர்களிடம் தசையில் இன்னும் உயிர் இருக்கிறதா என்பதே கேள்வி. இவர்களைத் தவிர, எக்கோவின் படம் தெளிவில்லாமல் ஒரு முக்கியமான முடிவு தொக்கி நிற்பவர்களும் உள்ளனர்.

நாளைத் தெரிவு செய்தல்

புதிதாக வருபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாரடைப்பின் முதல் வாரத்தில் காயப்பட்ட தசை நீர்கோத்து வீங்கியிருக்கும். அப்போது எடுக்கும் படத்தில் இறந்த பகுதி உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். பின்வரும் வாரங்களில் வீக்கம் வடிந்து, தழும்பு சுருங்கி, உண்மையான அளவுக்கு வரும். ஆகவே முதல் வாரத்துப் படத்தை வைத்து “இவ்வளவு தசை போய்விட்டது” என்று குடும்பத்தாரிடம் அறுதியிட்டுக் கூறக் கூடாது.

அதற்காக முதல் வாரப் படம் பயனற்றது என்பதல்ல. வீக்கமும், பின்னர் சொல்லப்போகும் நுண்குழாய் அடைப்பும், தசைக்குள் குருதிக் கசிவும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். நோய் எதுவென்றே தெரியாதவரை இயன்றவரை முதல் ஒரு வாரத்துக்குள், பிந்தினாலும் இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். இதயத்தசை அழற்சியின் அடையாளங்கள் நாட்செல்ல மங்கிவிடும். இதயவறையின் இறுதிச் செயற்றிறனையும் தழும்பின் நிலையான அளவையும் அறிய வேண்டுமானால் 3 முதல் 6 மாதம் பொறுத்து எடுப்பதே நல்லது. ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்க உடம்பில் பொருத்தும் கருவி தேவையா என்ற முடிவுக்கு மாரடைப்பின் பின் குறைந்தது 40 நாளும், ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் செய்தோ இருந்தால் 3 மாதமும் கடந்திருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட விதி.

நிலைகுலைந்த நோயாளியை எந்த நாளிலும் அனுப்பக் கூடாது. தட்டையாகப் படுக்க முடியாமல் எழுந்திருந்து மூச்சு வாங்குபவர், தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியோடு இருப்பவர், மகாநாடியில் பலூன் பம்ப் வைக்கப்பட்டவர் ஆகியோர் காத்திருக்கத்தான் வேண்டும். வார்ட்டிலேயே ஒரு மணி நேரம் ஒற்றைத் தலையணையோடு மல்லாந்து படுக்கச் சொல்லிப் பாருங்கள். அதைச் செய்ய முடியாதவர் ஸ்கானருக்குள்ளும் செய்ய மாட்டார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் கொழும்பில் எடுப்பதற்கு அனுப்பும் நிலை வருமானால் இந்தச் சின்னச் சோதனை ஒரு வீண் பயணத்தைத் தவிர்க்கும்.

உடம்பில் உள்ள உலோகம்

1.5 ரெஸ்லா வலுவுள்ள ஸ்கானரின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படமெடுக்காத வேளையிலும், இரவிலும், அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். உருக்கு ஒட்சிசன் சிலிண்டரோ சக்கர நாற்காலியோ அறைக்குள் போனால் அது பறந்து சென்று காந்தத்தில் மோதும். நடுவில் நோயாளி இருந்தால் உயிர் போகலாம். நோயாளியோடு செல்லும் தாதியின் கத்தரிக்கோல், வைத்தியரின் ஸ்டெதஸ்கோப், துணைக்கு வந்தவரின் சாவிக் கொத்து எல்லாம் வெளியிலேயே நிற்க வேண்டும். உள்ளே நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது அவரை அறைக்கு வெளியே இழுத்து வருவதே. உயிர்ப்பிக்கும் முயற்சி வெளியில்தான்.

ஸ்டென்ட் வைத்தவரை அனுப்பலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். இன்று பயன்படும் முடியுரு நாடி ஸ்டென்ட்கள் 3 ரெஸ்லா வரை பாதுகாப்பானவை; வைத்த மறுநாளே எடுக்கலாம், வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பைபாஸ் செய்தவரின் மார்பெலும்புக் கம்பிகளும் தடையல்ல. பேஸ்மேக்கர் உள்ளவரின் அட்டையை வாங்கி, அதன் மாதிரி எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா என்று முன்கூட்டியே உறுதிப்படுத்த வேண்டும்.

வடக்கில் வேலை செய்பவர்கள் வேறு எவரையும் விடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2009 வரை நீடித்த போரில் காயப்பட்ட பலர் உடம்பில் செல் (எறிகணை) துண்டுகளோடு வாழ்கிறார்கள். வழக்கமான படிவத்தில் “உடலில் உலோகம் உண்டா?” என்று கேட்டால் பலர் “இல்லை” என்றே சொல்வர், பல்லுக்கட்டையும் பேஸ்மேக்கரையும் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள், அல்லது பழைய நாட்களை நினைத்துப் பேசத் தயங்குவார்கள். ஆகவே தனியே வைத்து, “ஐயா, உடம்பிலை எங்கையாவது பீஸ் இருக்கோ?” என்று அவர்கள் பேசும் சொல்லிலேயே கேளுங்கள். எப்படிப் பட்டது, எங்கே பட்டது என்ற கதை நமக்குத் தேவையில்லை. உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே தேவை. அதன் பின்னரும் முதுகையும் கால்களையும் பார்த்துத் தழும்பு தேடுங்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் அஞ்சியோகிராம் பதிவையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். நாடியை மட்டும் பார்த்த கண்ணுக்குத் தப்பிய துண்டு அங்கே வெள்ளையாகத் தெரியும்.

செல் துண்டு பெரும்பாலும் உருக்கு என்பதால் காந்தம் அதை இழுக்கும். தசைக்குள் பல ஆண்டுகளாகத் தழும்பால் சூழப்பட்டுக் கிடக்கும் சிறு துண்டு பெரும்பாலும் பேராபத்து ஆவதில்லை. கண்ணுக்குள், மூளையில், முள்ளந்தண்டுக்கு அருகில், பெரிய நாடியை ஒட்டி இருப்பவைதான் அச்சத்துக்குரியவை. ஐயமிருந்தால் எக்ஸ்ரேயோ சீ.ரி. ஸ்கானோ எடுத்து இடத்தை உறுதிசெய்து, முடிவைக் கதிரியக்கவியல் நிபுணரிடம் விடுங்கள். நெஞ்சுச் சுவரில் இருக்கும் துண்டு ஆபத்தில்லாததாயினும் இதயத்தின் படத்தில் கறுப்பு ஓட்டை விழுத்திவிடும். அப்படியானவருக்கு வேறு பரிசோதனை தேடுவதே புத்தி. வெல்டிங் வேலை செய்தவர்களிடம் கண்ணுக்குள் இரும்புத்தூள் பட்டதுண்டா என்று தவறாமல் கேளுங்கள். செயற்கைக் கால் அணிந்தவர் அதைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். அவரைத் தூக்கி வைக்க ஆட்களை முன்னரே ஒழுங்குசெய்து வையுங்கள்.

நகை விடயத்தில் கொஞ்சம் நயம் வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் சுரையும் திருகும் வேறு உலோகமாக இருக்கலாம், சங்கிலி சூடேறலாம், நெஞ்சின் மேல் கிடந்தால் படத்தையும் கெடுக்கும். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டார் மஞ்சள் கயிறு கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். ஸ்கான் அறை வாசலில் வைத்துச் சொன்னால் மனவருத்தந்தான் மிஞ்சும். அரைநாண்கொடி, அச்சரக்கூடு, மெட்டி, சேலைப் பின், நெஞ்சில் ஒட்டியிருக்கும் உலோகத் தகடுள்ள நைட்ரேட் மருந்துப் பட்டை ஆகியவையும் பார்வைக்குத் தப்புபவை.

சிறுநீரகமும் மருந்துகளும்

தழும்பைக் காட்டும் படத்துக்குக் கடோலினியம் என்னும் மருந்தை நாளத்தில் செலுத்துவார்கள். அளவு கிலோகிராமுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களில், அதாவது வடிகட்டல் வீதம் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தவர்களில், பழைய வகைக் கடோலினியம் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் அரிய நோயொன்றை உண்டாக்கியது. வளைய அமைப்புள்ள புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. எனினும் நீண்டகால நீரிழிவுக்காரரிலும், காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாப் பக்கத்திலிருந்து வருபவரிலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு பார்க்காமல் படிவத்தை அனுப்பாதீர்கள்.

ஸ்கானுக்காக அஸ்பிரினையோ குளோபிடோகிரலையோ ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. புதிதாக வைத்த ஸ்டென்ட் அடைபட அதுவே போதும். “ஸ்கானுக்கு வெறுவயிறு” என்று கேள்விப்பட்டு மருந்தையும் விட்டுவிட்டு வருபவர்கள் இருப்பதால் இதைக் கிளினிக் கொப்பியில் எழுதியே கொடுங்கள். அடினோசின் கொடுத்துக் குருதியோட்டத்தைச் சோதிக்கும் பரிசோதனையும் சேர்ந்திருந்தால் 24 மணி நேரம் தேநீர், கோப்பி, சொக்கலேட், கோலா எதுவும் ஆகாது. பிளேன்ரீயும் தேநீர்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அடினோசின் கொடுப்பதில்லை.

ஸ்கானருக்குள்

ஒவ்வொரு படத்துக்கும் நோயாளி 8 முதல் 15 செக்கன் வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும், அதுவும் மூச்சை வெளியே விட்ட நிலையில். பலருக்கு இது இயல்புக்கு மாறானது. மூச்சைப் பிடி என்றால் நெஞ்சு நிறைய இழுத்துத்தான் பிடிப்பார்கள். இழுக்கும் அளவு ஒவ்வொரு முறையும் வேறுபடுவதால் இதயமும் ஒவ்வொரு படத்தில் ஒவ்வொரு மட்டத்தில் நிற்கும். எனவே முதல் நாள் மாலையில் வார்ட்டிலேயே, “மூச்சை இழுங்கோ, மெல்ல வெளியிலை விடுங்கோ, இப்ப பிடியுங்கோ” என்று பழக்கிவிடுங்கள். சில இயந்திரங்களில் இந்தக் கட்டளை ஆங்கிலத்திலேயே பதிவாகியிருக்கும். வயதானவருக்குத் தமிழில் சொல்ல ஒருவரை ஒலிவாங்கியருகில் நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இதயத் துடிப்போடு பொருத்தியே படம் எடுக்கப்படுவதால் நெஞ்சில் ஈசிஜி ஒட்டுகள் நன்றாகப் பிடிக்க வேண்டும். முடியை மழித்து, வியர்வையைத் துடைத்து ஒட்ட வேண்டும். இங்கே தெரிந்திருக்க வேண்டிய ஒரு விடயம்: காந்தப்புலத்துக்குள் ஓடும் குருதி தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் திரையில் தெரியும் ஈசிஜியின் ரி அலை உருக்குலைந்திருக்கும். அதைப் பார்த்து மீண்டும் மாரடைப்பு என்று பதற வேண்டியதில்லை. அதுபோலவே அதில் மாற்றமில்லை என்று நம்பி நோயாளி சொல்லும் நெஞ்சுநோவைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. நோயாளியின் கையிலுள்ள அழைப்புப் பந்தும் உங்கள் கண்ணுமே அங்கே நம்பிக்கைக்குரியவை. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் முன்னரே தெரிவியுங்கள், வேகமான முறையில் எடுப்பார்கள்.

படங்களை வாசித்தல்

அறிக்கையை வாசிப்பதோடு நில்லாமல் படத்தையும் பார்க்கப் பழகுங்கள். முதலில் அசையும் படங்கள்: இடது இதயவறையை நுனியிலிருந்து அடி வரை ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் குருதியின் கொள்ளளவை அளந்து கூட்டுவார்கள். எக்கோவைப் போல இதயத்தின் வடிவத்தை ஊகிக்க வேண்டியதில்லை என்பதால், வெளியேற்றப் பின்னத்தை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை வெளியே தள்ளும் குருதியின் பங்கை, அளப்பதில் இம்முறையே உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. தசைச்சுவர் 17 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, எந்தக் கூறு அசையவில்லை என்று குறிக்கப்படும். முன்சுவரும் நுனியும் என்றால் இடது முன்னிறங்கு நாடி, கீழ்ச்சுவர் என்றால் பெரும்பாலும் வலது முடியுரு நாடி, பக்கச்சுவர் என்றால் சுற்றுநாடி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான படம், கடோலினியம் கொடுத்து 10 முதல் 20 நிமிடத்தின் பின் எடுக்கப்படுவது. கடோலினியம் உயிருள்ள கலத்துக்குள் புகாது. கலச்சுவர் உடைந்த புதுக் காயத்திலும், கலங்களுக்கிடையே நார்ப்பொருள் நிறைந்த பழைய தழும்பிலும் அது தேங்கி நின்று வெள்ளையாகத் தெரியும். நல்ல தசை கறுப்பாக இருக்கும். அந்த வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முடியுரு நாடிகள் இதயத்தின் வெளிப்புறத்தில் ஓடி உள்நோக்கிக் கிளைவிடுவதால், வாய்க்கால் நீர் வற்றும்போது கடைசிப் பாத்தி முதலில் வாடுவதைப் போல, அடைப்பு ஏற்பட்டதும் உட்படலம் முதலில் இறந்து, சாவு வெளிநோக்கிப் பரவும். ரைமரும் ஜெனிங்சும் 1977 இல் விலங்குப் பரிசோதனைகளில் காட்டிய இந்த ஒழுங்குதான் வாசிப்பின் திறவுகோல். வெள்ளை உட்படலத்தைத் தொட்டு, ஒரு நாடியின் எல்லைக்குள் நின்றால் அது மாரடைப்பு. உட்படலத்தை விட்டுவிட்டு நடுவிலோ வெளிப்புறத்திலோ திட்டாக இருந்தால் அழற்சியை நினையுங்கள். நுனி பலூன் போல விரிந்து, வீக்கம் இருந்தும் வெள்ளையே இல்லையென்றால், பெருந்துயரமோ அதிர்ச்சியோ அடைந்தவரிடம் வரும் டாக்கோட்சுபோ நோயாக இருக்கலாம்.

வெள்ளைக்கு நடுவே கறுப்புத் திட்டு ஒன்றைக் கண்டால் நல்ல தசை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பெரிய நாடி திறக்கப்பட்டும் நுண்குழாய்கள் அடைபட்டே இருப்பதால் கடோலினியம் அங்கே போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள். இந்த நுண்குழாய் அடைப்பு உள்ளவர்களில் இதயம் விரிவதும் செயலிழப்பதும் அதிகம். குருதிக்கட்டியும் கறுப்பாகவே தெரியும். ஆனால் நுண்குழாய் அடைப்பு சுவருக்குள் வெள்ளையால் சூழப்பட்டிருக்க, குருதிக்கட்டி சுவரை ஒட்டி அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நுனியில்தான் தேட வேண்டும், எக்கோவுக்கு எட்டாத சிறு கட்டிகளும் இதில் அகப்படும்.

உயிருள்ள தசை எவ்வளவு என்பதை வெள்ளை சுவரின் தடிப்பில் எத்தனை பங்கைப் பிடித்திருக்கிறது என்று கணிக்கிறோம். றேமண்ட் கிம் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை சற்றுமில்லாத செயலிழந்த கூறுகளில் 78 சதவீதம் குருதியோட்டம் சீரான பின் மீண்டும் இயங்கின. முக்காற்பங்குக்கு மேல் வெள்ளையான 58 கூறுகளில் ஒன்றே ஒன்றுதான் இயங்கியது. பாதிக்குக் குறைந்தால் நம்பிக்கை உண்டு, பாதிக்கு மேல் நம்பிக்கை குறைவு என்று வார்ட்டில் சொல்லப்படுவதன் அடிப்படை இதுவே. ஆனால் உயிர் இருக்கிறது என்பதால் உடனே ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்று தாவிவிடக் கூடாது. மாரடைப்பின் 3 முதல் 28 நாட்களுக்குள், நிலைபெற்ற நோயாளிகளின் முழுவதும் அடைபட்ட நாடியைத் திறப்பதால் பயனில்லை என்று 2006 இல் ஓஏரி (OAT) ஆய்வு காட்டியது. வெளியேற்றப் பின்னம் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ ஆகி, உயிருள்ள தசையும் உடைய 700 நோயாளிகளைக் கொண்ட ரிவைவ்ட் ஆய்வும், ஸ்டென்ட் வைப்பதால் இறப்போ இதயச் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் சேர்வதோ குறையவில்லை என்று 2022 இல் காட்டியது. படம் தரும் தகவல் முடிவுக்கு உதவும் ஒன்று. நோயாளியின் நெஞ்சுநோ, வயது, மற்ற நாடிகளின் நிலை ஆகியவற்றோடு சேர்த்தே அதை நிறுக்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்த பின்

அறிக்கையில் நீங்கள் எழுதிய கேள்விக்கு விடை இருக்கிறதா என்று முதலிற் பாருங்கள். இல்லையென்றால் தொலைபேசியில் கேட்கத் தயங்காதீர்கள். குருதிக்கட்டி இருந்தால் அன்றே நிபுணருக்குத் தெரிவித்துக் குருதி உறையாமைக்கான மருந்து தொடங்க வேண்டும்; வழமையாக 3 மாதத்தின் பின் மீண்டும் படமெடுத்துப் பார்ப்பார்கள். வெளியேற்றப் பின்னம் 35 சதவீதமோ குறைவோ என்றால் மருந்துகளை இயன்ற அளவுக்கு உயர்த்தி, மேலே சொன்ன கால எல்லை கடந்த பின் மீண்டும் அளக்கும் திகதியைக் குறித்து வையுங்கள். கீழ்ச்சுவர் மாரடைப்பானால் வலது இதயவறையைப் பற்றிய வரியையும் தேடி வாசியுங்கள். எக்கோவில் அது எளிதில் அகப்படுவதில்லை.

மந்திகையிலோ சாவகச்சேரியிலோ உள்ள ஆதார வைத்தியசாலையில் தொடர்ந்து கிளினிக்குக்குப் போகப்போகும் நோயாளியானால், அறிக்கையின் சாரத்தை டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதுங்கள்: மாரடைப்பின் எத்தனையாவது நாளில் எடுத்தது, வெளியேற்றப் பின்னம் எவ்வளவு, தழும்பு எந்தச் சுவரில் எத்தனை பங்கு, குருதிக்கட்டி உண்டா இல்லையா, உடம்பில் செல் துண்டு இருந்தால் எந்த இடத்தில். படங்கள் அடங்கிய தட்டையும் நோயாளியின் கையிற் கொடுத்து, அடுத்த ஸ்கானுக்குப் போகும்போது கூடவே கொண்டுபோகச் சொல்லுங்கள். முதற் படத்தோடு ஒப்பிடாமல் தழும்பு சுருங்கியதா, இதயவறை விரிந்ததா என்று எவராலும் கூற முடியாது.